மேட்டில் நிற்கக் கூடாது

சித்த நவுந்து உக்காருங்க, இடிச்சுக்கும். இல்லீங்க, உங்களுக்கில்ல, என்ற காலுக்குத்தான். மாவுக்கட்டு நேத்துத்தான் காஞ்சுது. கண்டக்டரு பாவம் பாத்து இந்தக் கடைசி சீட்டுல, படியோரமா உக்கார வெச்சாரு. காலை நீட்டிக்கலாம்ல. மேட்டுப்பாளையம் வரைக்கும் இப்படியே போயிட்டா அங்கிருந்து திருப்பூருக்குக் கம்பெனிக் காரு வந்துரும். டிரைவரு வந்துருவான். சம்பளம் குடுக்கறோம்ல, அவன் வந்துதான ஆகணும்.

எப்படி ஆச்சுன்னு கேக்கறீங்க. பைக்குல விழுந்துட்டேன்னா நீங்களும் "பாத்துப் போகக் கூடாதுங்களா"ம்பீங்க. விழுந்தது ஒண்ணுமில்லீங்க. மலைக்காட்டுல பைக்கு ஓட்டப் பழகப் போனா விழத்தான் செய்வாங்க. அங்க வந்த அத்தன பேரும் விழுந்தாங்க. எனக்கு விழுந்தது வலிக்கலீங்க. வண்டிக்கடியில கெடக்கறேன், கட்டுன பொண்டாட்டி என்னைத் தாண்டி நிக்காம மேல போயிட்டா. அதுதானுங்க வலிக்குது.

ஆமாங்க, பொண்டாட்டிதான். அவளும் பைக்குலதான் வந்தா. என்னங்க அப்படிப் பாக்கறீங்க? எனக்கும் அப்படித்தான் இருந்துது.

முதல்லருந்து சொல்றேனுங்க, இன்னும் கொண்டை ஊசி வளைவு நெறைய இருக்குது. நமக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனி. எக்ஸ்போர்ட்டு. எங்க ஆளுக ஒரு கூட்டம் இருக்குது, எல்லாரும் கம்பெனி வெச்சிருக்கறவங்க, ஞாயித்துக்கெழமையானா பெரிய பைக்கு எடுத்துட்டு அவிநாசி ரோட்டுல டிபன் சாப்புடப் போவோம். அதுல ஒருத்தரு, வருஷா வருஷம் டிபனே சாப்புட்டுட்டு இருந்தா எப்படி, இமயமலைக்குப் போலாம், ஸ்பித்திக்குப் போலாம்னு கெளப்பி விட்டாரு. ரோடே இல்லாத எடமாமா. சும்மா போனா எலும்பு தேறாது, மொதல்ல பழகோணும்னாங்க. அதுக்குத்தான் கோத்தகிரிக்கு மேல ஒரு கேம்ப்பு. போஜன்னு ஒரு மாஸ்டரு நடத்தறாரு. படுகருங்க, இந்த மலைக்காரரு. சாந்தமான மனுசன்தான். அந்தச் சாந்தந்தான் எனக்குப் புடிக்கல.

அங்க ஒரு பழக்கம். தனியாளாச் சேத்துக்க மாட்டாங்க. ஜோடி ஜோடியாத்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கலர்ல துணி, தோளுக்குக் கீழ கட்டிக்கணும். ஒருத்தரு விழுந்தா அந்த ஜோடிதான் பொறுப்பு. என்ற ஜோடி எங்க சாயப்பட்டறைக்காரரு. கெளம்பற அன்னிக்குப் பாத்து மனுசன் முதுகுப் புடிப்புன்னு படுத்துட்டாரு. என்ற ஊட்டுக்காரி கலாமணி கூட வந்திருந்தா. சும்மா வந்தவ. நீங்க ஓட்டுங்க, நான் தேயிலைக் காட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்னுதான் வந்தா. போஜன், ஜோடி இல்லாம விட முடியாதுங்க சார்ங்கறாரு. நான் கத்திட்டு இருக்கறேன். அவரு என்னைய விட்டுட்டு அவ பக்கம் திரும்பி, "மேடம், நீங்க கியர் வண்டி ஓட்டுவீங்களா?"ன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாரு.

"ஓட்டுவேனுங்க"ன்னுட்டா.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. என்னடி சொல்றேன்னேன். கண்ணாலத்துக்கு முன்னால தோட்டத்துலருந்து சொசைட்டிக்குப் பால் கேன் கட்டிட்டு அவங்கப்பாரு வண்டிய இவதான் ஓட்டுவாளாமா. இட்டேரியில, ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல சேறு, மழை பேஞ்சா மாடே வழுக்குற தடம், அதுல போவாளாமா. பையன் காலேஜு முடிச்சு வெளிநாடே போயிட்டான், இத்தன வருஷமா ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னதில்லீங்க. ஏன் சொல்லலைன்னேன். "நீங்க கேக்கலீங்களே"ங்கறா. இதெல்லாம் ஒருத்தன் கேட்டுட்டா இருப்பான்? கூட இருந்துட்டே மறைச்சிருக்கறா பாருங்க.

என்னங்க, பின்னாடியே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? லக்கேஜு எதாச்சும் மேல போட்டிருக்கறீங்களா? இல்லீன்னா சரி.

மஞ்சத்துணி குடுத்தாங்க எங்க ரெண்டு பேருக்கும். கேம்ப்புல ஒரு சின்ன வண்டிய அவளுக்குக் குடுத்தாங்க, நான் என்ற வண்டி. ஸ்பித்திக்குன்னே வாங்குனது, ஒசரம், உக்காந்தா எனக்கே ரெண்டு காலும் முழுசா ஊனாது. டயர்ல பாதிக் காத்த எறக்கி விட்டுட்டாங்க, கல்லுமேல புடிப்பு இருக்கோணுமாமா. உக்காந்து ஓட்டக் கூடாது, ஃபுட்ரெஸ்ட்டு மேல நின்னுட்டு ஓட்டணும். முட்டியில டேங்கக் கவ்விக்கணும், கையத் தொளதொளன்னு விட்டரணும். எனக்குக் கை தொளதொளன்னு வரவே இல்லீங்க. போஜன் வந்து வந்து, "சார், ஹேண்டில்பாரு ஓடிப் போயிராதுங்க, கழுத்தப் புடிச்ச மாதிரிப் புடிக்காதீங்க"ம்பாரு. அத்தன பேரு முன்னாலயும்.

அப்பறம் இன்னொண்ணு. போக வேண்டிய எடத்தத்தான் பாக்கணும், கல்லயும் பள்ளத்தயும் பாக்கக் கூடாதுன்னாரு. பள்ளத்தப் பாத்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போகுமாமா. நான் கம்பெனி நடத்தறவன், எங்க ஓட்டை இருக்குது, எவன் ஏமாத்தறான்னு பாத்துப் பாத்தே மேல வந்தவன். பள்ளத்தப் பாக்காதேன்னா எப்படீங்க முடியும்? அவ மேல பாத்துட்டே போனா. ஒரு தரம் விழுந்தா, சிரிச்சுட்டே எந்திரிச்சா. அவ சிரிச்சு நான் எப்பப் பாத்தேன்னு நெனச்சுப் பாத்தேன், ஞாவகம் வரலீங்க.

ரூலு சொல்றேன், கேளுங்க. இத நீங்களே கேட்டு நாயஞ் சொல்லுங்க. செங்குத்து மேடு ஏறறப்ப எவன் விழுந்தாலும் பாதியில நிக்கக் கூடாதாமா. முன்னால போறவன் விழுந்தா, ஒதுங்கித் தாண்டி மேல போயி, வண்டிய நிறுத்தீட்டு, நடந்து எறங்கி வரணுமாமா. அதுவும் எப்ப? விழுந்தவன் கையத் தூக்குலீன்னாத்தான். விழுந்தவன் கையத் தூக்கிக் காட்டுனா, "நான் நல்லாருக்கேன், நீ போ"ன்னு அர்த்தமாமா. கை கீழ இருந்தா ஆளுக்கு என்னமோ ஆயிருச்சு, ஜோடி வரோணும். தலைகீழா இல்லீங்களா இது? எங்க கம்பெனியில நான் கையத் தூக்குனா அத்தன மெஷினும் நிக்கும். சூப்பர்வைசரு ஓடியாருவான். கையத் தூக்கறதுங்கறது கூப்புடறதுங்க. சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்.

முந்தாநாள் காத்தால அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தேயிலைக்கு நடுவுல மழைத்தண்ணி வெட்டுன தடம். கீழ நின்னு பாத்தா சாத்தி வெச்ச ஏணி மாதிரி நிக்குது. ஒரே கியர்ல, ஆக்சிலேட்டர விடாம, கிளட்ச்சத் தொடாம ஏறோணும். நான் முன்னால, கலா பின்னால. பாதி ஏறியிருப்பேன். ஒரு வெள்ளக்கல்லு. அதப் பாக்கக் கூடாது பாக்கக் கூடாதுன்னு அதையே பாத்தேன். நேரா அது மேலயே போயி ஏறுச்சு. கிளட்ச்சப் புடிச்சுட்டேன். அவ்வளவுதான், வண்டி செத்துப் போச்சு, பின்னாடி வழுக்குது. வண்டி சாஞ்சா விட்டுரணும், புடிக்கக் கூடாதுன்னு அதுக்கும் ரூலு சொல்லியிருந்தாங்க. என்ற வண்டிங்க, எப்படி விடறது? புடிச்சேன். அது என்னையும் சேத்து இழுத்து மேல படுத்துக்கிச்சு. கணுக்காலு உள்ள மாட்டிக்கிச்சு.

பின்னால அவ வர்ற சத்தம் கேக்குது. நான் கையத் தூக்குனேன். கலா, நில்லுன்னு கத்துனேன், வண்டிச் சத்தத்துல கேட்டுதோ இல்லையோ. கையத் தூக்கித்தான் வெச்சிருந்தேன். அவ பாத்தாளுங்க. என்னையப் பாத்தா, என்ற கையப் பாத்தா, ஒரு மொழம் ஒதுங்கி அப்படியே தாண்டிப் போயிட்டா. நின்னுட்டே ஓட்டிட்டுப் போறா. அந்த முதுகத்தான் பாத்தேன். அது நான் பாக்காத முதுகு மாதிரி இருந்துதுங்க. எனக்குப் பயம் வந்துருச்சு. காலுக்கில்லீங்க. இவ இனி நிக்க மாட்டாளோன்னு.

வந்தா. வரலீன்னு நான் சொல்லல. மேல போயி வண்டிய நிறுத்தீட்டு நடந்து எறங்கி வந்தா. நடந்தென்ன, சறுக்கிட்டு வந்தா. அத ஒரு பெரிய சங்கதியா எல்லாரும் பேசறாங்க. போஜன் சொல்றாரு, "சார், நீங்க கை தூக்குனீங்க. கை தூக்குனா யாரும் எறங்கி வர மாட்டாங்க. மேடம் வந்தாங்க"ங்கறாரு. வந்தா என்னங்க? பொண்டாட்டி வராம பக்கத்து வீட்டுக்காரியா வருவா? அவ வந்து, என்ற வண்டிக்கு முதுகக் குடுத்துக் குந்தி, ஹேண்டில்பார ஒரு கையில சீட்ட ஒரு கையில புடிச்சு, காலை ஊனித் தள்ளுனா. அத்தாச்சோட்டு, அம்மாம்பெரிய வண்டி எந்திரிச்சுருச்சு. இந்த வித்தையும் அங்க சொல்லிக் குடுத்ததுதான். எனக்குக் காட்டுனப்ப நான் போன் பேசிட்டு இருந்தேன்.

அப்பறம் கூத்தக் கேளுங்க. என்னை நாலு பேரு தூக்கிட்டுக் கீழ எறக்கறாங்க. என்ற வண்டி பாதி மேட்டுல நிக்குது. மேல யாரு கொண்டு போறதுன்னு பேச்சு. இவ கேக்கவே இல்லீங்க. ஏறுனா, கால் எட்டல, ஒரு பக்கமாச் சாச்சு வெச்சு எடுத்தா, ஒரே மூச்சுல மேல போயிட்டா. எல்லாரும் கை தட்டறாங்க. எங்க கூட்டத்து ஆளுகளே தட்டறாங்க. நான் தூக்கிட்டுப் போற ஆளுக கையில கெடந்துட்டு அதைக் கேக்கறேன்.

ஆசுபத்திரியில எனக்கு மாவுக்கட்டுப் போடறப்ப அவளுக்குக் கையில மருந்து போட்டாங்க. தேயிலைச் செடியப் புடிச்சுப் புடிச்சு எறங்குனதுல உள்ளங்கையெல்லாம் கிழிஞ்சு போயிருந்துது. நர்ஸம்மா அவளையே விசாரிக்குது. எலும்பு ஒடஞ்சது எனக்கு.

கேட்டுட்டேனுங்க. ஆசுபத்திரியிலயே கேட்டுட்டேன். ஏன் நிக்கலேன்னேன்.

"அந்த மேட்டுல நின்னிருந்தா ரெண்டு பேருமே விழுந்திருப்போமுங்க"ன்னா.

"விழுந்தா விழுந்திருக்கலாம்ல?"ன்னேன்.

என்னையவே பாத்தா. அப்பறம், "கட்டு ஈரமா இருக்குது, காலை ஆட்டாதீங்க"ன்னா. அவ்வளவுதான்.

ஆனா அவ மனசுல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியுங்க. அவங்கப்பாரு சமாச்சாரம். அத அவ வாயத் தொறந்து சொன்னதே இல்ல, அதுதான் இன்னும் மோசம். அவங்கப்பாருக்கு நெஞ்சு வலின்னு தோட்டத்துலருந்து போன் பண்ணுனா. காரு எடுத்துட்டு வாங்கன்னா. அன்னிக்குப் பாத்துக் கண்டெய்னரு கேட்டுல நிக்குதுங்க. கப்பல் போயிட்டா சரக்கு அத்தனையும் எம்மேல விழும். ஷிப்மெண்ட்டு ஏறட்டும், வந்தர்றேன்னு சொன்னேன். தப்பா? பாதியில விட்டுட்டு ஓடியிருந்தா நான் மட்டுமா விழுவேன், கம்பெனியே விழும். மேல ஏறிட்டுத்தான மத்ததப் பாக்கணும்? அவங்க டிராக்டர்ல வெச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்கறாங்க. போற வழியிலயே முடிஞ்சுருச்சு. ஷிப்மெண்ட்டு ஏறுச்சு. அதுக்குப் பின்னால அடுத்த ஆர்டருக்கு வெள்ளைக்காரன் வந்து உக்காந்துட்டான். விட முடியுங்களா? ஆனா காரியத்துக்குப் போனனுங்க. பெரிய மாலையா வாங்கிட்டுப் போனேன். ஊரே பாத்துது.

அதையும் இதையும் முடிச்சுப் போடறாங்க பாருங்க பொம்பளைங்க. அவ போடல. நான்தான் சொல்றேன், போட்டிருப்பான்னு.

நேத்து எங்க கூட்டத்து ஆளுக வந்தாங்க, ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு. உங்க காலு தேற நாளாகும், ஸ்பித்திக்கு உங்க எடத்துல அம்மிணி வரட்டுமேன்னாங்க. போஜனும், "கடைசி நாள் எறக்கத்த மட்டும் முடிச்சுட்டாங்கன்னா மேடம் எங்க வேணாலும் போகலாம்"ங்கறாரு. அந்தக் கடைசி நாள் இன்னைக்குத்தான். உச்சியிலருந்து கீழ எறங்கற தடம், ஏறறத விட அதுதான் கஷ்டமாமா. இன்னைக்கு விட்டா அடுத்த கேம்ப்பு மழைக்காலம் முடிஞ்சுதான், அதுக்குள்ள இவங்க ஸ்பித்தி போயிட்டு வந்துருவாங்க. அவ என்னையப் பாத்தா. "நான் உங்க கூடவே ஊருக்கு வந்தர்றேனுங்க"ன்னா.

நான், "வேண்டாம், நீ போ. உனக்குத்தான் கை தட்ட ஆளிருக்குதே"ன்னேன். என்ற கையில கட்டியிருந்த மஞ்சத்துணிய அவுத்துத் தரையில வீசுனேன். அவ குனிஞ்சு எடுத்துக்கிட்டா. காத்தால என்னை இந்த பஸ்ஸுல ஏத்தி, பையக் காலுக்கடியில வெச்சு, தண்ணி பாட்டல் வாங்கிக் குடுத்துட்டு எறங்கிட்டா.

போன்னா போயிடறதாங்க? நீங்க சொல்லுங்க. ஒரு மனுசன் ஆத்தரத்துல போன்னு சொல்லுவான். போகாதேன்னு வாயில வருங்களா? எங்கப்பாரு எங்காத்தாகிட்டச் சொல்லி நான் கேட்டதில்ல. ஆனா போகாம இருக்கோணும்ல. இத்தன வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதா? அவ இப்ப உச்சியில நின்னுட்டிருப்பா. ஹெல்மெட்டு மாட்டிட்டு, கீழ பாக்காம, எங்க போகோணுமோ அங்க பாத்துட்டு.

மறுபடியும் திரும்பறீங்க. எங்கீங்க? பைக்கா? மலைப்பாதையில பைக்கு வரத்தான் செய்யும். ஏறுனதுலருந்தே பின்னாலயே வருதா? ஓவர்டேக் பண்ணாமயா? இத்தன வளைவுலயுமா?

இந்தப் பின்கண்ணாடி பூரா தூசி. சித்த இருங்க, துண்டுல தொடைக்கறேன். எந்திரிக்க ஒரு கை குடுங்க. ஆங், புடிச்சுக்கோங்க, காலு, காலு.

அது என்ற வண்டிங்க.

கலாதான். ஒரு கையில ரெண்டு மஞ்சத்துணி கட்டியிருக்கறா. எறக்கத்துக்குப் போகலீங்க அவ. எம்பின்னாலயே வந்திருக்கறா. பாருங்க, எங்கிட்டச் சொல்லாம, ஒரு வார்த்த சொல்லாம. நான் இங்க உக்காந்துட்டு என்னென்னமோ பேசிட்டு வர்றேன். பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க. வளைவுல நிறுத்த முடியாதா? அந்த டீக்கடைகிட்ட எடம் இருக்குதுல்ல, அங்க நிறுத்துங்க.

இருங்க, என்னையப் பாத்துட்டா. கிட்ட வர்றா. கலா. இங்க, இங்க.

என்னங்க? கைய எறக்குங்களா? நீங்க வேற. கையத் தூக்காம எப்படீங்க அவளுக்குத் தெரியும் நான் கூப்புடறது? சட்டையப் புடிச்சு இழுக்காதீங்க, விழுந்துருவேன். அவளே கையத் தூக்கறா பாருங்க. அவளும் தூக்கிட்டா. மெதுவாயிட்டா. டீக்கடை ஓரமா ஒதுங்கறா.

ஏன் திருப்பறா?

மேல போறாளுங்க. திரும்பி மேலயே போறா. கடைசி நாள் எறக்கத்துக்கு இன்னும் நேரமிருக்குது, போயிருவா. நான் இதத்தான சொன்னேன் உங்ககிட்ட மொதல்லருந்து? நீங்களே கண்ணால பாத்தீங்கல்ல, நிக்காமப் போயிட்டா. நான் கைய இன்னும் எறக்கவே இல்லீங்க.